நான்கு நுனிகளும் நடுவில்

அந்தக் காற்றுச் சுரங்கத்தைப் பொய் சொல்ல வைத்தவன் நான்தான்.

யார் நான்? ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கீழ்வேளூரிலிருந்து தஞ்சாவூர் வரை, உமியை எரித்து ஈரநெல் காயவைக்கும் உலர்த்திகளில் பாதி என் கை பட்டவை. வரைபடம் கிடையாது. தரையும் சாக்பீஸும்தான்!

அதனால்தான், விண்கலப் பாகங்களை அதிவேகக் காற்றில் வைத்துச் சோதிக்கும் சுரங்கம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியல் கல்லூரி என்னைத் தேடி வந்தது. தொட்டியில் அடைத்த காற்றைத் திறந்துவிட்டால் சில்லிட்டுவிடும். அதோடு சுடுகாற்றைக் கலந்து, ஒரே சூட்டில், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பாய்ச்ச வேண்டும். கலக்கும் கூண்டு என் பொறுப்பு.

இரண்டு குழாயை ஒன்றாகச் சேர்த்தேன். சேர்ந்தால் கலந்துவிடும் என்று நினைத்தேன். உலர்த்தியில் காற்று கலக்காவிட்டாலும் நெல் புரண்டு கொடுக்கும். இங்கே புரள என்ன இருக்கிறது? மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேரும்போது, கலங்கலும் தெளிவும் ஒட்டாமல் ஓடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன்... எப்படி மறந்தேன்?

சோதித்தேன். இடப்பக்கம் கொதித்தது, வலப்பக்கம் குளிர்ந்தது. நடுவில் ஒரு சாண் மட்டும் சரி. படித்தவர்கள் முன்னால் 'தவறிவிட்டது' என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான்கு வெப்பமானிகளையும் கல்லூரி கொடுத்த வரைபடப்படி நான்கு பக்கமும் செருகினேன். நுனிகளை மட்டும் நீளமாக்கி நடுவில் கூட்டிவிட்டேன்.

அங்கே பட்டத்துக்காக ஆய்வு செய்துவந்த மாலதி அம்மா வியந்தார்.

"நாலும் ஒரே சூடு காட்டுதே, எப்படிங்க ஐயா?"

"முப்பது வருஷமா காத்தோட குடும்பம் நடத்துறேம்மா!"

மறுநாள் சுரங்கத்தை ஓட்டினார்கள். அவர் மூன்று வருடம் உழைத்து உருவாக்கிய பீங்கான் கூம்பைச் சோதனைக்கு உள்ளே வைத்திருந்தார்கள்; அது இடப்பக்கம் மட்டும் சூட்டில் விரிந்து உடைந்தது. துறைத்தலைவர் என்னிடம் திரும்பினார்.

"காத்து ஒரே சீரா வந்துச்சுங்களா?"

"மணி மாதிரி வந்துச்சுங்க."

"அப்ப உங்க வார்ப்புதாம்மா சரியில்ல" என்றார் அவரிடம்.

மாலதி அம்மா உடைந்த துண்டுகளைத் தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டார். அந்தப் பருவத்தோடு ஆய்வையே விட்டுவிட்டார்.

பிறகு, பராமரிப்பு என்று சொல்லிக் கூண்டைத் திறந்தேன். உள்ளே முறுக்கிய தகடுகளை வைத்துக் காற்றைச் சுழலவிட்டேன். நுனிகளை வெட்டி அதனதன் பக்கத்தில் நிறுத்தினேன். இன்று எங்கே தொட்டாலும் ஒரே சூடு! பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். சுரங்க வாசலில் மாட்டிய பலகையில் இருப்பதோ துறைத்தலைவர் பெயர்.

மாலதி அம்மாவின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது... இன்னும் பேசவில்லை. வீரமா இது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் என் பங்கை நான் கேட்பேன். என் பெயரைப் பொறியுங்கள். தகடுகளை முறுக்கியவன் என்று போடுங்கள். அதே அளவு எழுத்தில், அந்தக் கூம்பை உடைத்தவன் என்றும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால், பலகையை நானே கழற்றுவேன்.