கல்லுக்கும் வேர்க்கும்

ஆகஸ்ட் மாதத்துத் துபாயில், ஜெபல் அலியில் பஞ்சுக் கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்கிற மனிதர் கனகரத்தினம். கம்பெனி பஸ்ஸில் அவருக்குப் பனிக்கரடி என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கொண்டாவில்காரர்; பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் குளிர்நாட்டுச் சாலைகளின் வெடிப்பை அடைக்கிற தார்ப்பசை அவர் கையெழுத்து இல்லாமல் கப்பல் ஏறாது.

இரண்டு கான்கிரீட் கட்டிகளுக்கு நடுவே பசையை உருக்கி ஊற்றி, மைனஸ் இருபத்தொன்பதில் குளிரவைத்து, அந்தக் குளிரிலேயே மெஷினில் மெல்ல இழுக்க வேண்டும். பசை நீளலாம், கல்லை விடக்கூடாது.

அந்த வாரம் ஊற்றிய மூன்று மாதிரிகளும் கல்லை விட்டன. மறுபடி செய்தார், மறுபடியும் விட்டன. அதே பசை வேறொரு லேபில் ஜம்மென்று தேறியது. பழி வேறு யார் தலையில் விழும்? பதினொரு வருட வேலை. விசா புதுப்பிக்கும் மாதம் வேறு.

மேலாளர் நெய்னா முகம்மது கீழக்கரைக்காரர், அதிர்ந்து பேசாதவர். “நாளைக்கு இன்னொரு தடவ செஞ்சு பாருங்க. அதுவும் போச்சுன்னா ஆபீஸுக்கு நான் என்னத்தச் சொல்றது?” என்றார்.

மறுநாள் காலை, ஏசி லேபிலிருந்து கட்டிகளை எடுத்துக்கொண்டு வெளிக் கொட்டகைக்கு நடந்தார். புகை தாங்கவில்லை என்று உருக்கும் அடுப்பை அந்த மாதந்தான் அங்கே மாற்றியிருந்தார்கள். கதவைத் தாண்டியதும் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் மறைத்தது. வளைகுடாவில் கண்ணாடி போட்டவன் எவன் இதையெல்லாம் யோசிக்கிறான்? துடைத்துவிட்டு நடப்பான். அவரும் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது. கட்டியின் பக்கத்தை விரலால் தடவினார். ஈரம். ஈரக் கல்லில் எந்தப் பசைதான் ஒட்டும்?

சத்தமில்லாமல் உலர்த்தி ஊற்றிவிட்டு, மெஷின்தான் மக்கர் பண்ணியது என்று சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நேரே மேலாளரிடம் போனார்.

“சேர், பிழை என்ர கையிலதான். கண்ணாடியைத் துடைச்சன், கல்லைப் பாக்கேல்லை.”

“மொதல்ல காயவச்சு ஊத்துங்க. அப்புறம் பேசுவோம்.”

கட்டிகளைக் கொட்டகைச் சூட்டிலேயே நன்றாகக் காயவிட்டு ஊற்றினார். நான்கு நாள் இழுத்தும் மூன்றில் ஒன்றுகூட விடவில்லை. அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அறிக்கையில், முந்தைய தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதி நீட்டினார். நெய்னா முகம்மது வாசித்தார்.

“அடுப்ப வெளிய மாத்தச் சொன்னது யாரு? நாந்தானே. எனக்குந்தான் தெனம் கண்ணாடி மூடுது, எனக்கு மட்டும் தோணுச்சா?”

அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து கனகரத்தினத்தின் விசாத் தாளை எடுத்து, அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார்.