களத்தில் குவிந்த கம்பளிகள்

அன்று காலை ஆறேகால் மணிக்குத்தான் எல்லாம் பிசகியது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் ஆறு மணிக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்புப் பறை அடிப்பார்கள். பெரட்டுக்களம் என்ற திடலில் ஆட்கள் வரிசையாக வந்து நிற்க, கங்காணி அவர்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவார். ஆறேகாலுக்கெல்லாம் திடல் காலியாகிவிடும். அன்று காலியாகவில்லை.

முப்பது வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று மாலை, அரசை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குப் போன மகள் திரும்பி வராமல், பழவங்காடியில் எங்கள் வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தபோது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. தடியடி என்று ஒருவர் சொன்னார். வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்றார் இன்னொருவர். நேற்றுக் காலைப் பத்திரிகையிலோ, மேடைப்பேச்சைக் கேட்டுத் திடீரென முளைத்த கிளர்ச்சி இது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் திடல் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. நாஞ்சில் நாட்டில் வயலை நம்பிப் பிழைக்க முடியாமல், படித்த கொஞ்சம் இங்கிலீஷை நம்பி மலையேறியவர் அப்பா. தோட்டத்து ஆபீஸில் கிளார்க்கு. துரையிடம் ஒரு வார்த்தை பேசுமுன் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். எங்களிடம் செருமாமலே கத்துவார். அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் என்னையும் காலையில் களத்துக்குக் கூட்டிப் போவார். சாயங்காலம் எனக்குத் தலைவாரிவிட, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா இருந்தாள்.

மழைக்காலம். கொழுந்து பறிக்கும் பெண்கள் முரட்டுக் கம்பளியை மடித்துத் தலையில் கவிழ்த்திருப்பார்கள். துரையின் குதிரை வந்தால், எந்த மழையிலும் கம்பளியை இறக்கித் தலையைக் காட்டி நிற்க வேண்டும். முந்தின நாள் ஒருத்தி இறக்கவில்லை. கம்பளிக்குள் அவளுடைய இருபது நாள் பிள்ளை இருந்தது. கம்பளியைப் பிடுங்கிவை, மழைக்காலம் முடிந்ததும் கொடு என்று கங்காணிக்குத் துரை உத்தரவிட்டார்.

அன்று காலை பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தன் கம்பளியைத் திடலின் நடுவில் போட்டுவிட்டு, வெறுந்தலையோடு போய் வரிசையில் நின்றாள். குவியல் என் உயரத்துக்கு வந்தது. வெளுக்கப் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"எடுத்துத் தலையில போடுங்கட்டீ, காய்ச்சல்ல சாகப் போறியளா?" என்றார் கங்காணி.

"நேத்து அந்தப் பச்சப்புள்ளைக்கு வராத காய்ச்சலா எங்களுக்கு வரப்போவுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள்.

துரை வந்தார். குதிரையிலிருந்து இறங்காமலே அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா செருமினார். "ஆரு சொல்லி இப்படிச் செய்யுதீங்கன்னு துரை கேக்காரு" என்றார். மறுபடி கேட்டார். மழைச் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது முறை கேட்டபோது அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடப் பதில் தெரியவில்லையே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. முந்தின சாயங்காலம் லயத்தில் என் தலையை வாரிக்கொண்டே, "அவ ஒருத்தி மட்டும் நனையணுமா? நாளைக்கு எல்லாரும் நனைவோம்" என்று அக்கா மற்றப் பெண்களிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேனே.

"எனக்குத் தெரியும் அப்பா. தலைவாருற அக்காதான் சொன்னா" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அப்பா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. செருமக்கூட இல்லை. ஆனால் நீட்டிய விரலைத் துரை பார்த்துவிட்டார்.

அன்று மத்தியானமே அக்காவைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். மூட்டையோடு மலையடியிலுள்ள கல்லாற்றுக்கு நடந்து இறங்குகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். "வா தாயி, ஒரு சடை அவுந்து கெடக்கு" என்று உட்காரவைத்து, இறுக்கிப் பின்னி, நுனியில் நாடாவை முடிந்தாள். போய்விட்டாள். அவளுக்கு யார் இருந்தார்கள், எங்கே போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிள்ளைக்காரியிடம் பறித்த கம்பளியை அன்றே திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்குக் குதிரையைக் கண்டு கம்பளியை இறக்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அப்பா என்னை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். அந்தத் திடலில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும் என்பது ஏழு வயதில் எனக்கு விளங்கவில்லை.

நேற்றுத் தெருவிளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு மகள் வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. அவள் படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஆரு சொல்லி வந்தீங்கன்னு போலீஸ்காரங்க ஒவ்வொருத்தியாக் கேட்டாங்கம்மா. ஒருத்தியும் சொல்லல்ல. முடியெல்லாம் அவுந்துபோச்சு, கொஞ்சம் பின்னித் தா."