இண்டூர் கொட்டகைக்கு வந்த எல்லம்மா

ரோசம்மாள் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படித்தவள் அல்ல. பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு துரை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகச் சிறு வயதிலேயே போய்ச் சேர்ந்தவள். அந்த வீட்டுத் துரைசாணிக்குச் சினிமா என்றால் பைத்தியம். படத்துக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளையும் கூட்டிப் போவாள். தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்கி வர ரோசம்மாளும் போவாள். பேச்சு காதில் விழுந்து விழுந்து பாஷை வந்தது. துரைசாணி படித்துவிட்டுப் போட்ட சினிமாப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்ததில் வாசிப்பும் வந்தது.

துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறிய வருஷம், தர்மபுரிப் பக்கத்து இன்னாசிக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். இன்னாசி டூரிங் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். பென்னாகரத்தில் சில மாதம், ஏரியூரில் சில மாதம், பிறகு இண்டூர் என்று முதலாளி நஞ்சப்பன் எங்கே கூடாரம் அடிக்கிறாரோ அங்கே அவர்கள் குடித்தனம்.

அப்போது தமிழ்ப் படங்கள் குறைவு. வாடகை மலிவு என்று நஞ்சப்பன் பழைய இங்கிலீஷ் படங்களாகக் கொண்டுவருவார். ஆண்கள் பக்கத்தில் ராஜாமணி என்பவர் தகரக் குழலை வாயில் வைத்துக் கதை சொல்வார். சண்டை வந்தால் உற்சாகமாகக் கத்துவார். பெண்கள் பேசிக்கொண்டால், "ஏதோ பொம்பளைங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்த பெண்களுக்கோ அந்தச் சமாச்சாரம்தான் வேண்டியிருந்தது.

ஒரு நாள் ரோசம்மாள் பக்கத்திலிருந்த சின்னக்காவுக்கு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். பின்னாலிருந்தவர்கள், "எங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்கக்கா" என்றார்கள். அடுத்த வாரம் அவளை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் நஞ்சப்பனே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

அந்தப் படங்களில் அடிக்கடி வந்த நடிகை எலன் மார்ஷ். இண்டூர்ப் பெண்களின் வாயில் இரண்டே நாளில் அவள் எல்லம்மா ஆகிவிட்டாள். முதல் படத்தில் எல்லம்மா காசநோயில் செத்துப்போனாள். கொட்டகை முழுக்க அழுகை. அடுத்த வாரப் படத்தில் அவள் தொப்பி வைத்துக்கொண்டு குதிரைமேல் வந்ததும் சின்னக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன வாரம் செத்தவ இப்ப எப்படிங்க வந்தா? நான் ரெண்டு நாளு சோறு திங்கல."

"கூத்துல அபிமன்யு செத்து வுழுறாரு. மறுநா சந்தையில அவருதான பொயில வாங்கிட்டு நிக்கறாரு?" என்றாள் ரோசம்மாள். "இதும் அப்படித்தாங்க. வேசம்."

சின்னக்காவின் மகள் சாலம்மாள் கேட்டாள்: "அப்ப நெசத்துல அவங்க யாரு?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கொட்டகையில் ஒரே மிஷின். ரீல் முடிந்தால் விளக்குப் போட்டு இன்னாசி அடுத்த ரீலை மாட்டவேண்டும். அந்த இடைவெளிகளில் ரோசம்மாள் எலன் மார்ஷின் நிஜக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பெங்களூரில் ஆயாவாக இருக்கும் தோழி லூர்துமேரி, இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் பத்திரிகைகளைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். அதனால் கதைக்குப் பஞ்சமில்லை.

எல்லம்மாவின் அப்பா கரிச் சுரங்கத்தில் செத்தவர். அம்மா ஊரார் துணியை வெளுத்துப் பிள்ளையை வளர்த்தாள். எல்லம்மா ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள்; படக் கம்பெனிக்கு ரொட்டி கொண்டுபோன இடத்தில், கூட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று நிற்கவைத்தார்கள். ஊமைப் படம் போய்ப் பேசும் படம் வந்ததும், அவளுடைய கரகரத்த குரல் எடுபடாது என்று எல்லோரும் கைவிட்டார்கள். கடைசியில் அந்தக் குரலைக் கேட்கவே கூட்டம் வந்தது. இதைக் கேட்டு இண்டூர்ப் பெண்கள் தங்கள் வீட்டுப் பெண் பாஸாகிவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டார்கள். ரீல் மாட்ட இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்படி இன்னாசிக்கே சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வாரம் வந்த பத்திரிகையில், எல்லம்மா புருஷனை விட்டுப் பிரிந்த செய்தி இருந்தது. சொல்வதா வேண்டாமா என்று ரோசம்மாள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அந்த ஆளு குடிச்சுட்டு அடிப்பானாம். ஒரு நா விடியக்காலம் கொழந்தையத் தூக்கிட்டு அம்மா வூட்டுக்கு வந்துட்டாங்களாம்."

பெண்கள் சாலம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாலம்மாளும் அப்படி வந்தவள்தான். தொப்பூரில் வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு திரும்பி வந்திருந்தாள். அண்ணன்மார் அவளைத் திருப்பி அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க வூட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று சாலம்மாள் கேட்டாள்.

"மத்தவங்க சொன்னது எனக்குத் தெரியாது சாலம்மா. அம்மா கதவத் தொறந்து உள்ள கூப்புட்டாங்கன்னு போட்டிருக்கு."

ரோசம்மாள் சின்னக்காவைப் பார்க்கவில்லை. ஆனால் சின்னக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாளில் சாலம்மாளின் புருஷன் மாது வண்டி கட்டிக்கொண்டு வந்தான். அண்ணன்மார் மூட்டையை எடுத்து வைத்தார்கள். சின்னக்கா அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "போறவங்க போங்க. அவ போவல" என்றாள்.

மாது நேரே கொட்டகைக்கு வந்து, ரோசம்மாள் சொன்ன கதைதான் குடும்பத்தைக் கெடுத்தது என்று நஞ்சப்பனிடம் சண்டை பிடித்தான். நஞ்சப்பன் பயந்து ரோசம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மா, இந்த வாரம் எல்லம்மாவும் அவ புருசனும் ராசியாயிட்டாங்கன்னு சொல்லிடு. நம்ம பொழப்பு நடக்கணுமில்ல."

"அவங்க போவலீங்களே மொதலாளி. போவாதவங்கள நான் எப்படி அனுப்பறது?"

அந்த எல்லம்மா யாரென்று தானே பார்த்துவிடுவதாகச் சொல்லி மாது டிக்கெட் வாங்கி ஆண்கள் பக்கம் உட்கார்ந்தான். அன்றைக்கு ஓடியது சிரிப்புப் படம். மூன்றாவது ரீலில் எல்லம்மா, தன்மேல் கை ஓங்கிய புருஷனின் தலையில் பீங்கான் தட்டை உடைத்தாள். பெண்கள் பக்கத்தில் எழுந்த கைதட்டலில் ரோசம்மாளின் குரல் முங்கிப்போனது. ராஜாமணிகூடக் குழலை இறக்கிவிட்டுச் சிரித்தார். விளக்குப் போட்டபோது மாது இருந்த இடம் காலி. அதன்பிறகு அவன் தொப்பூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

கூட்டம் குறையும் என்று பயந்த நஞ்சப்பனுக்கு, தட்டியை ஆண்கள் பக்கம் தள்ளிக் கட்டவேண்டி வந்தது. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் தேவைப்பட்டபோது ரோசம்மாள் சாலம்மாளைக் கைகாட்டினாள். கொட்டகை இண்டூரில் இருந்த மாதங்களிலெல்லாம் சாலம்மாள்தான் அந்த வாசல்.

யுத்தம் வந்தது. ரீல் பெட்டிகள் வருவது குறைந்தது. தமிழ்ப் படங்கள் பெருகின. கதை சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. ராஜாமணி சேலத்தில் துணிக்கடைக்குப் போய்விட்டார். ரோசம்மாள் கொட்டகை வாசலில் முறுக்கும் சுண்டலும் விற்றாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வியாபாரம் பேச்சோடு பேச்சாக நன்றாகவே நடந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் இண்டூருக்கு ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. எலன் மார்ஷ் அதில் கல்யாண வயதுப் பெண்ணுக்கு அம்மாவாக நடித்திருந்தாள். சேதி தெரிந்ததும் பெண்கள் ரோசம்மாளின் முறுக்குத் தட்டைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு அவளை உள்ளே இழுத்துப் போனார்கள். எல்லம்மா திரையில் வந்து நின்றாள். கன்னம் உப்பியிருந்தது, நெற்றியோரம் நரை.

சின்னக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சதை போட்டுட்டா. நல்லா சாப்புடறா போல. சந்தோசம்."

ரோசம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் எல்லம்மா நிறையப் பேசிவிட்டாள். என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.