இப்ப தெரியுதா?

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். என் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. இது நடந்தது ஒரு நர்சுக்கு. முப்பது வருஷமாக ஆஸ்பத்திரி வேலை. வார்டில் எல்லோருக்கும் அவர் 'பெரிய சிஸ்டர்'. செத்தவர்களைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பிய கை அது. யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால், "உயிரோட இருக்கறவங்க படுத்தற பாடே போதும்பா" என்று சிரிப்பார். பயந்த சுபாவம் இல்லை. அதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்றுதான் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். தளம் போட்ட பழைய வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சிமென்ட் போட்ட குறுகலான சந்து. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. படியும் கிடையாது, ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். அந்த ஏணியும் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது. தனிக்கட்டைக்கு இது போதும் என்று நினைத்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் தூக்கம். நைட் டியூட்டி முடிந்து வந்தால் எலும்பெல்லாம் கழன்று கையில் வந்துவிடுவது போன்ற அசதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்போதுதான் படுத்தார். தம்பி போன் பண்ணினான். அவனுக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது. பரணைச் சுத்தம் செய்தபோது பழைய காமிக்ஸ் கட்டு ஒன்று கிடைத்ததாம்.

"அக்கா, அந்த ஒத்தைக்கண் துப்பறிவாளன் ஞாபகம் இருக்கா? கடைசிப் பக்கத்தை எலி தின்னுடுச்சே. கொலைகாரன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் நமக்குத் தெரியாது."

"நீயே கிழிச்சிருப்பே. பாவம், எலி மேல பழி போடறே."

பேச்சு அப்படியே ஓடியது. மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது ஒரே தண்ணீர் பாட்டிலை முறை வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. தெருவுக்கே ஒரு டிவி இருந்த காலத்தில், எதிர் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள். பிறகு தங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. படம் புள்ளி புள்ளியானால் தம்பி மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவான். அவன் மேலேயிருந்து கேட்கக் கேட்க, அக்கா ஜன்னலில் நின்று பதில் கத்துவாள். தெரியுதா? இல்லை. இப்ப? வருது, வருது... போச்சு.

"அந்த வெயில்ல என்னை வறுத்து எடுத்தியே அக்கா."

"நீ மேல உக்காந்து காமிக்ஸ்தானே படிச்சே. சரி, வைடா. தூக்கம் வருது."

உதட்டில் சிரிப்பு ஒட்டியிருந்தது. கண் சொருகியது.

தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

கர்ர்ர்... இரும்புக் குழாயைத் திருப்புகிற சத்தம்.

"தெரியுதா?"

பெண் குரல். ஓய்ந்துபோன குரல். பக்கத்து வீட்டில் டிஷ் மாட்டுகிறார்கள் போல என்று நினைத்தார். அரைத் தூக்கம். சின்ன வயசுப் பழக்கம் தானாக வாயில் வந்தது.

"இல்ல... இன்னும் கொஞ்சம் திருப்பு."

கர்ர்ர்...

"இப்ப தெரியுதா?"

"இல்ல..." என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

சாயங்காலம் எழுந்து, பின்பக்கச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மாடியில் டிஷ் இல்லை. ஆன்டெனாவும் இல்லை. விளிம்பை ஒட்டி, துருப்பிடித்த குழாய் ஒன்று முறிந்து ஒரு முழத்துக்கு நின்றது. அக்கம்பக்கத்து மாடிகளில் ஆள் ஏறிய சுவடே இல்லை.

கனவு என்று விட்டுவிட்டார். நைட் டியூட்டிக்காரர்களுக்குக் கனவும் நிஜமும் கலப்பது புதிதில்லை.

அடுத்த ஞாயிறு. முந்தின ராத்திரி முழுக்க வார்டில் ஓட்டம். வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. குளித்துவிட்டு விழுந்தவர்தான். மத்தியானம் மணி இரண்டு இருக்கும்... விழிப்பு வந்தது.

நடை. மெதுவாக, காலை இழுத்து இழுத்து.

கர்ர்ர்...

"தெரியுதா?"

கண் நன்றாகத் திறந்திருந்தது. கனவு இல்லை.

"யாரு மேலே?"

 குழாய் மறுபடி திரும்பியது.

"தெரியுதா?"

பயம் வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. பயப்படக்கூட அந்த உடம்பில் தெம்பு இல்லை. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு சொன்னார்.

"தெரியுது... போதும். விடு."

நடை நின்றது.

ஃபேன் சத்தம் மட்டும்...

பொத்.

பின்பக்கம். சந்தில்.

பிறகு...

"தெரியுதா?"

குரல் இப்போது மேலேயிருந்து வரவில்லை. ஜன்னலுக்குக் கீழேயிருந்து வந்தது. சொல்லுக்கு நடுவே மூச்சு அறுந்தது. விபத்து வார்டில் அவர் தினமும் கேட்கிற குரல் அது. நிற்கிறவர் குரல் இல்லை.

மல்லாந்து கிடப்பவர் குரல்.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

வெறும் சிமென்ட். வெயில்.

"தெரி... யுதா..."

கண்ணெதிரே. யாருமில்லாத இடத்திலிருந்து.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

வீட்டுக்காரம்மா நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை. ஏனோ வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது எங்க வீட்டுக்காரரோட பெரிய அண்ணிம்மா. நான் இந்தக் குடும்பத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. எங்க மாமியார் சாகறப்ப சொன்னாங்க. அப்ப எல்லாரும் அந்த வீட்லதான் இருந்திருக்காங்க, புதுசா டிவி வாங்கின வருஷமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் படம் போடுவாங்களே... இவங்களைத்தான் மாடிக்கு ஏத்துவாங்களாம். விடிஞ்சதுலேர்ந்து அடுப்படியில நின்ன மனுஷி. கால் தவறிடுச்சு."

"உடனே உயிர் போயிடுச்சா?" நர்ஸ் அல்லவா, அதைத்தான் முதலில் கேட்டார்.

"இல்ல. படம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து வந்தப்பதான் பாத்திருக்காங்க. கொஞ்சம் முன்னாடிதான் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

"அவ்வளவு நேரம் யாரையும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டிருக்காங்க. சந்துலேர்ந்து, 'தெரியுதா... தெரியுதா'ன்னு. நான் விழுந்து கிடக்கேனே, தெரியுதான்னு கேட்டிருக்காங்க. உள்ளே இருந்தவங்க டிவியைத்தான் கேக்கறாங்கன்னு நினைச்சு..."

வீட்டுக்காரம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"...அங்கேர்ந்தே சொன்னாங்களாம். 'தெரியுது... போதும். விடு'ன்னு."