அடிப்பிடிக்காத சட்டி

இத்தாலியின் தெற்குக் கோடியில், பொலிதேயாமா அரங்கத்துக்குப் பக்கத்தில் அம்மா வேலை செய்த கட்டடத்தில் குழந்தைகளே இல்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு முதியவர், அவரைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊர்ப் பெண் ஒருவர். பெற்ற பிள்ளைகள் மிலானிலோ ஜெர்மனியிலோ இருந்தார்கள். பள்ளியில்லாத சனிக்கிழமைகளில், நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவிலிருந்து அம்மாவோடு நானும் நடந்து போவேன். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன். ஆசிரியை என் இத்தாலியனைப் புகழ்ந்திருந்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது குறைவு என்றே நினைத்திருந்தேன்.

அம்மா பார்த்துக்கொண்ட, நாங்கள் சினியோரா என்று அழைத்த மூதாட்டிக்குத் தொண்ணூறு வயதானபோது மகள் மிலானிலிருந்து வந்தார். பிறந்தநாளுக்குக் கூடிய உறவினர், "இந்த வயதிலும் என்ன நிறம், என்ன பசி!" என்று வியந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிறு சிவப்புக் கொம்பை விரல்களால் பிடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சினியோரா சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. வைத்தியர் வந்து, வயதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை, மகள் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து அம்மா கைப்பையிலிருந்து செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்தார்.

"நாவூறு தம்பி. வந்த சனம் முழுக்கக் கண் வைச்சிட்டுது. கதவைச் சாத்து."

"மிளகாய்க்கும் பசிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஓம், நீர் பெரிய டொக்டர்தானே! மனிசி சாப்பிடாட்டி என்னைத்தான் கேப்பினம். வேலை போனா இஞ்ச இருக்கிற பெர்மெஸோவும் புதுப்பிக்கேலாது. சாத்தும் கதவை."

சினியோராவின் தலையை மூன்று தரம் சுற்றினார். மன்னார்க் கத்தோலிக்கர் ஆனபடியால் கடைசியில் ஒரு சிலுவையும் போட்டார். சினியோரா ஏன் எதற்கென்று கேட்காமல், பூசையில் இருப்பவர்போலக் கண்ணை மூடித் தலையைக் கொடுத்தார். பாவம், புத்தி போய்விட்டது என்று நினைத்தேன். அடுப்பில் விழுந்த மிளகாயின் நெடி வீட்டையே தூக்கியது. ஆனால் சினியோரா ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்து முடித்தார்.

மகள் இருமிக்கொண்டே உள்ளே வந்து, என்ன எரிந்தது என்று கேட்டார். அம்மாவின் இத்தாலியன் கூட்டவும் கழுவவும் மட்டுமே போதும். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தம்பி, நாவூறு கழிச்சனான், மனிசி சாப்பிட்டிட்டா எண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டுச் சனம் என்று எங்களை நினைத்துவிடுவாரே! ஆசிரியை புகழ்ந்த இத்தாலியனில், ஒரு பிழையும் இல்லாமல், "அம்மா அடுப்பில் சட்டியை மறந்துவிட்டார்" என்றேன்.

நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவின் முகம் மலர்ந்தது. மகளும் கோபப்படவில்லை, குனிந்து என் தலையைத் தடவினார். ஆனால் அடுப்பை மறக்கும் ஒருத்தியிடம் தாயை விட்டுவிட்டு மிலானுக்குத் திரும்ப யாருக்கு மனம் வரும்? மாத முடிவில் வேறொரு பெண் வந்தாள். அம்மா பஸ் ஏறி நகரத்தின் ஓரத்திலிருந்த பிரான்காச்சோவுக்கு, பட்டறைகள் கூட்டப் போனார்.

"மிளகாய் எரிச்சது அவவுக்குப் பிடிக்கேல்லை. இஞ்சத்தைச் சனத்துக்கு உதெல்லாம் விளங்காது," என்று சின்னம்மாவிடம் சொன்னார். பக்கத்திலிருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அம்மா மிளகாயைக் கையில் எடுக்கவில்லை. மிளகாயால்தான் வேலை போனது என்றே இன்றுவரை நினைக்கிறார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சைக்கு முன்னால், பக்கத்தில் இருந்தவன் அதே மாதிரிச் சிவப்புக் கொம்பு ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தான். எதற்கு என்று கேட்டேன். கண் படாமலிருக்க என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அன்று அந்த மகள் என் தலையைத் தடவக் குனிந்தபோது அவருடைய கொம்பு என் கண்முன்னேதான் ஆடியது: சிவப்பாக, வளைந்து, நுனி கூராக. அட, மிளகாய் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க அன்று எனக்குத் தெரியவில்லை.