சாவு வீட்டு ஸ்பீக்கர்

பெரியப்பாவுக்கு ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அவர் வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தது. பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான். அந்த ஒரே காரணத்தால், சத்தம் வருகிற எந்தப் பொருளாக இருந்தாலும் அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் இருந்தது. காலிங் பெல் மாட்டினால்கூட அவர் வந்து அழுத்திப் பார்த்துத் தலையாட்ட வேண்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. துபாய்க்குப் போன மாமா தன் எலக்ட்ரிக் கிட்டாரையும் அதன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார். பெட்டி ஒரு ஸ்டூல் உயரம், உள்ளே பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று. இரண்டு வருடமாக யாரும் சொல்லித் தராமல் நானே வாசித்துப் பழகியிருந்தேன். அந்த வருடம் சபையின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒரு பாட்டைக் கிட்டாரில் தனியாக வாசிக்க எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அதுவரை எங்கள் சபையில் பெண்பிள்ளைகள் பாடினார்கள், கை தட்டினார்கள். கிட்டார் பையன்களின் சமாச்சாரமாக இருந்தது.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கியது. டெம்போ ஒன்றில் ஏறி வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். கேரல் குழுவுக்குப் பெரியப்பாதான் செயலாளர். மைக் செட் எதற்கு, தம்பி வீட்டில் ஒரு பெட்டி சும்மாதானே கிடக்கிறது என்று என் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி டெம்போவில் வைத்தார். அதில் கீபோர்டைச் சொருகினார். மைக்கைச் சொருகினார். டிரம்ஸ் சத்தத்துக்காக ஒரு சிடி பிளேயரையும் ஒயரை முறுக்கிச் சொருகினார். பிறகு சத்தத்தைக் கூட்டுகிற எல்லாத் திருகுகளையும் கடைசி வரைக்கும் திருப்பினார். மூன்றாவது வீட்டு வாசலில், இரட்சகர் பிறந்தார் என்று பாடி முடிப்பதற்குள் பெட்டி துணி கிழிவது போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது. மறுநாள் திறந்து பார்த்தேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நடுவிலிருந்து விளிம்பு வரை பிளந்திருந்தது. சுருள் கருகிய வாடை வேறு.

பழி என் மேல் விழுந்தது.

“இவ வாசிக்கிறது வாசிப்பா? தகரத்த அறுக்கற மாதிரி கர்ரு கர்ருனு... கேட்டா டிஸ்டார்ஷனாம். அதுலயே ஸ்பீக்கர் வீக் ஆயிருக்கு. நேத்து போயிடுச்சு” என்றார், எல்லோர் முன்னாலும்.

அப்பா அவருக்குத் தம்பி. அன்றைக்கும் தம்பியாகவே நின்றார்.

தீர்ப்பையும் பெரியப்பாவே சொன்னார். ஞாயிறு மாலை நிகழ்ச்சிக்குள் பெட்டி சரியானால் நான் வாசிக்கலாம். ஆகாவிட்டால் என் இடம் கீபோர்டு பையனுக்கு. கிட்டாரையும் ஒழுங்காக வாசிக்கிற ஒரு பையனிடம் கொடுக்கும்படி அவரே மாமாவுக்குப் போன் செய்துவிடுவார்.

சரி செய்கிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். காரின் டிக்கியில் வைக்கிற சப்வூஃபர் அது. வெள்ளி நிறத்தில் மினுங்கியது. பின்னால் அம்மிக்கல் கனத்துக்குக் காந்தம். விளிம்பில் தடித்த ரப்பர்.

“வாட்ஸைப் பாரு, முந்நூறு! இனிமே நீ எவ்ளோ அறுத்தாலும் கிழியாது.”

மாட்டினோம். வாசித்தேன். தலையணைக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு யாரோ முனகுவது போலக் கேட்டது.

“ஒண்ணுமே கேக்கல, பெரியப்பா.”

“பேஸ் எப்படி இருக்கு பாரு!”

“கிட்டாருக்கு எதுக்கு அவ்ளோ பேஸ்?”

“பாத்தியாடா தம்பி, வாய் எவ்ளோ நீளுதுன்னு.”

அவர் போன பிறகு மாமாவின் கிழிந்த ஸ்பீக்கரை எடுத்து அதன் கூம்பை விரலால் சுண்டினேன். வாழ்த்து அட்டை போல மெலிதான காகிதம். கிழிந்த பிறகும் டப்பென்று பதில் சொன்னது. சப்வூஃபரைச் சுண்டினேன். சுவரைச் சுண்டியது போல இருந்தது. அவ்வளவு கனத்தை அசைக்க என் சின்னப் பெட்டிக்குத் தெம்பு ஏது? வேண்டியது வாட்ஸ் இல்லை, லேசான காகிதம் என்று எனக்குப் பட்டது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“காது அவளோடது. அவளே பாத்து எடுக்கட்டும். நீங்க ஒயரைப் பிடிச்சா போதும்” என்றாள் அம்மா, அரிசி களைந்தபடியே.

சனிக்கிழமை காலை பெட்டியையும் கிட்டாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மைக் செட் கடைக்குப் போனோம். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அந்தக் கடைக்காரர். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்களையும் விற்பார்.

“இன்னா பாப்பா, கிட்டாரா? யாரு வாசிக்கிறது, அப்பாவா?”

“நான்தான்.”

“சார், பாப்பா ரொம்ப சூடா கீதே!” என்று சிரித்தார்.

என் பெட்டியின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தார். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு உள்ளே போய், ஏழு ஸ்பீக்கர்களைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார். அதில் இரண்டை மட்டும் எடுத்துத் தரையில் வைத்து, காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

அந்த இரண்டும்தான் ஏழிலேயே அழகானவை. தூசி இல்லை, ஒட்டுப்போட்ட இடம் இல்லை. காகிதமும் மெலிது.

“அதையும் மாட்டிக் காட்டுங்க” என்றேன்.

வாய் நிறைய வெற்றிலை. கையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“ஏன்? விக்கத்தானே வெச்சிருக்கீங்க?”

வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். “அத்த வுடு பாப்பா. இந்த அஞ்சுல பாரு.” அதற்குள் யாரோ பந்தல்காரர் வந்து கூப்பிட, பேச்சு அதோடு நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல சரக்கை வேறு யாருக்கோ ஒளித்து வைத்துவிட்டு, பொம்பளைப் பிள்ளை தலையில் கழிசலைக் கட்டப் பார்க்கிறார். இந்த ஆளும் இன்னொரு பெரியப்பா. இருக்கட்டும், இந்தக் குப்பையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். எது அழகு, எது பெரிய காந்தம் என்று கண் ஏமாற்றக் கூடாது என்பதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அப்பா ஒவ்வொன்றாக ஒயரை மாற்றினார். ஐந்துக்கும் பாட்டின் அதே முதல் வரியை வாசித்தேன். ஒன்று மூக்கால் பேசியது. ஒன்றில் கனத்த கம்பிகள் கொழகொழத்தன. ஒன்று கிறீச்சிட்டது. ஒன்று பரவாயில்லை. நான்காவதாக மாட்டியதில் மட்டும் கம்பியை விரல் தொட்ட அந்த நொடியே சத்தம் முகத்தில் அறைந்தது. அழுத்தி வாசித்தால் உறுமியது, மெல்லத் தொட்டால் பாடியது.

“இதான்” என்றேன், திரும்பாமலே.

திரும்பிப் பார்த்தேன். ஐந்திலேயே அசிங்கமானது. டிகாஷன் நிறக் கூம்பு, ஓரத்தில் செய்தித்தாள் ஒட்டு.

பெரியப்பா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு அப்பாவைத்தான் திட்டினார். “ஏன்டா, நான் புதுசு வாங்கிக் குடுத்திருக்கேன், நீ இந்தச் சாவு வீட்டு ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வந்திருக்க? நாளைக்கு மேடையில மானம் போவப் போவுது.”

மானம் போகவில்லை. ஞாயிறு மாலை சபை நிறைய ஆட்கள். பெரியப்பா தன் சப்வூஃபரை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து முன்வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எப்படியும் தேவைப்படும் என்று. நான் முதல் வரியை வாசித்தபோது பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இரண்டாவது சரணத்தில் திருகைத் திருப்பி, அவர் சொன்ன அந்தத் தகரம் அறுக்கிற சத்தத்தையே வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். முடித்ததும் போதகர் முதல் ஆளாகக் கை தட்டினார். பெரியம்மாவே தட்டினாள். பெரியப்பாவால் தட்ட முடியவில்லை, மடியில் முந்நூறு வாட்ஸ்.

வெளியே கேக்கும் காபியும் கொடுக்கும்போது அவர் குரல் கேட்டது. “கிட்டாருக்கெல்லாம் பழைய ஸ்பீக்கர்தான் செட் ஆவும். நான்தான் போடச் சொன்னேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. காபி டம்ளரோடு நடுவில் போய் நின்றேன். “இல்ல பெரியப்பா. நீங்க சாவு வீட்டு ஸ்பீக்கர்னு சொன்னீங்க. பழசைக் கிழிச்சதும் நீங்கதான்.”

அப்பா சிரித்தார். அண்ணன் முன்னால் அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சபைக்கு மைக் கட்ட வந்திருந்தது தாம்பரத்துக் கடைக்காரர்தான். ஒயரைச் சுருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார். அவரையும் நான் விடவில்லை. நல்லதை ஒளித்து வைத்தும் ஜெயித்துவிட்டேன் பார் என்று கண்ணாலேயே சொல்லி முறைத்தேன். அவர் பல்லெல்லாம் சிவப்பாகத் தெரியச் சிரித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தோற்றதை மறைக்கச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போன பிறகு, அந்த வெற்றியின் திமிரோடு தோழி ஒருத்தியின் ஆம்ப்ளிஃபயருக்கும் சுவரைப் பார்த்து நின்றே ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பிரமாதமான ஒலி. இருபது நிமிடத்தில் பெட்டியிலிருந்து புகை வந்தது. பழுது பார்த்தவர் ஸ்பீக்கரைக் கவிழ்த்து அதன் முதுகில் எழுதியிருந்த மின்தடை அளவைக் காட்டினார். நாலு ஓம். பெட்டியின் பின்னால் எட்டு ஓம் என்று எழுதியிருந்தது. நாலு போட்டால் பெட்டி தாங்காத அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும், எரிந்துபோகும் என்றார். “திருப்பிப் பாக்கவே இல்லியாம்மா?” என்று கேட்டார்.

நான் திருப்பிப் பார்க்கவில்லை. பதின்மூன்று வயதிலும் பார்க்கவில்லை. வேறொருவர் ஏழையும் திருப்பிப் பார்த்து, இரண்டைக் காலால் தள்ளிவிட்டார். நான் அவரை முறைத்துவிட்டு வந்தேன்.