மெழுகுத் தக்கையும் என் கால் கட்டைவிரலும்

எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஆரம்பித்து ரெண்டு மழைக்காலம் போயிருக்கும். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் தெரு டீச்சர் ஒருத்தர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

அதற்கு முன்னால் நான் சங்கு குளித்தவன். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும் சங்குக்கு முங்க ஆள் தேவைப்பட்டது. புதிதாக முங்குகிறவனுக்கு முதலில் காதுதான் வலிக்கும். ஊசியால் குத்துவது போல இருக்கும், சில பேருக்கு ரத்தமும் வரும். எங்கள் ஆட்கள் அதற்குச் சந்தோஷப்படுவார்கள். "காது உடைஞ்சிட்டுல்லா, இனி எவ்வளவு ஆழமும் போலாம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் உடைந்தது. ரெண்டு மாதத்தில் ஆறிவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

முங்க முடியாமல் மூச்சிரைப்பு வந்ததும் பார்ஜ் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தேன். கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகிற இரும்புப் பார்ஜின் வயிற்றுக்குள் இறங்கி, கம்ப்ரஸர் காற்றில் ஓடும் சுத்தியலால் துருவைக் கொத்த வேண்டும். தவிலுக்குள்ளே உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஒருவன் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். என் தங்கச்சி மாப்பிள்ளையையும் நான்தான் சேர்த்துவிட்டேன். தருவைகுளத்துக்காரன். வலை வீசுவான், முங்கத் தெரியாது. பாடிக்கொண்டே வேலை செய்வான்.

சத்தம் தாங்காமல் நான் மாதா கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கி, பஞ்சும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, காதில் வைத்துக்கொள்வேன். அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். சத்தத்திலிருந்து காதைக் காக்க எந்தச் சாமான் சரிப்படும் என்று பார்க்க வந்தவர். ஒரு பெட்டியில் ரப்பர் தக்கைகளும், தலையில் மாட்டிக் காதை மூடுகிற கிண்ணம் மாதிரி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கிண்ணத்தை மாட்டினவன் கால் மணி நேரத்தில் வேர்த்து வழிய மேலே ஏறி வந்துவிட்டான்.

எஞ்சினியர் என் மெழுகைப் பார்த்துவிட்டார். கையில் வாங்கி, உருட்டி, முகர்ந்து பார்த்தார். "இது நீங்களா செஞ்சீங்க?" என்றார். பிறகு தினமும் சாயங்காலம் அவரும் நானும் உட்கார்ந்து பஞ்சைக் கூட்டினோம், எண்ணெயைக் குறைத்தோம். எடுக்க வசதியாக நூல் கட்டச் சொன்னதும் நான்தான். அதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கைநாட்டு வைக்கிற நான் சொன்னதை ஒரு எஞ்சினியர் எழுதுகிறார்! அன்றைக்கு அவருக்கு எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று பேருக்கு மூன்று விதம் கொடுத்துச் சோதிப்பது என்று முடிவானது. மெழுகு மாப்பிள்ளைக்கு. முதலில் ஒருமுறை காதைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது என்று சொன்னார்கள்.

பார்ஜுக்குள் சூடு ஏற ஏற மெழுகு இளகும். பத்து மணிக்கெல்லாம் கழுத்தில் வழியும். எனக்கு அது தெரியும். எஞ்சினியரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் மாப்பிள்ளை வந்தான்.

"மச்சான், காதுக்குள்ள சில்வண்டு கத்துத மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போனாலும் நிக்க மாட்டேங்கு."

"ஏலே, காது உடையுதுலே. எங்களுக்கெல்லாம் இப்படித்தான். ரெண்டு மாசம் பொறு, சரியாயிரும்."

"நெசமாவா?"

"முங்கத் தெரியாதவன் கேக்குத கேள்வியப் பாரு!"

சிரித்துக்கொண்டே போனான்.

சோதனைக்கு முதல் நாள், காது சரியில்லாதவனை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பட்டறையில் ஒரு பேச்சு கிளம்பியது. தங்கச்சி அப்போது நிறைமாதம். "மச்சான், நீ உள்ள இருப்பேல்லா?" என்றான் மாப்பிள்ளை. மெழுகு செய்தவன் என்பதால் நான் உள்ளே இருந்தேன்.

ஆபீஸ் அறையில் காற்றாடியை நிறுத்திவிட்டு, சோதனைப் பெட்டியிலிருந்து வயர் வருகிற ஹெட்போனை மாப்பிள்ளை காதில் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எஞ்சினியர் அவனுக்குப் பின்னால். நான் முன்னால், தரையில். எஞ்சினியர் பொத்தானை அழுத்தும்போது பெட்டியில் சின்னச் சிவப்பு பல்பு எரியும். பல்பு எரிந்தது. மாப்பிள்ளை விரல் அசையவில்லை. மறுபடி எரிந்தது. என்னையே பார்த்தான். அப்படி ஒரு முழியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் கால் கட்டைவிரலை ஆட்டினேன். அவன் விரலைத் தூக்கினான்.

அதன் பிறகு பல்பு எரிந்தபோதெல்லாம் ஆட்டினேன். சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே ரெண்டு மூன்றை வேண்டுமென்றே விட்டேன். அவ்வளவு புத்தி எனக்கு அப்போது இருந்தது.

"போன தடவை மாதிரியே இருக்கே!" என்று எஞ்சினியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெழுகு வேலை செய்யுதுன்னே எழுதிடலாமா?"

"எழுதுங்க சார்" என்றேன்.

மாப்பிள்ளையின் வேலைக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. என் மெழுகு தோற்றுவிடக் கூடாது என்றும் இருந்தது.

கிண்ணங்கள் பெட்டியோடு மெட்ராஸுக்குத் திரும்பிப் போயின. முதலாளிக்கும் சந்தோஷம், மெழுகுக்குச் செலவில்லையே. எல்லாருக்கும் மெழுகு கொடுத்தார்கள். மாப்பிள்ளை இன்னும் நாலைந்து வருஷம் அந்த வயிற்றுக்குள் இறங்கினான். முதலில் பாட்டை விட்டான். பிறகு பேச்சு சத்தமானது. கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

சங்குகுளியில் உடைகிற ஜவ்வு ஆறிவிடும், இது உள்ளே நரம்பு செத்தது, திரும்பாது என்றார் டாக்டர். "ஆரம்பத்துலயே யாராவது சோதிச்சிருந்தா வேலையை மாத்தியிருக்கலாமே?" என்றார்.

தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை இருக்கிறான், ரெண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. டீக்கடையில் என்னைக் கண்டால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவான்: "அன்னைக்கு எங்க மச்சான் கால ஆட்டலேன்னா எனக்கு வேல போயிருக்கும்வே!"

ஒருநாள் சொல்லிவிடலாம் என்று எதிரே உட்கார்ந்தேன். அவனுக்கும் எழுத்து தெரியாது. என் காலைக் காட்டினேன், கட்டைவிரலை ஆட்டினேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவன் சிரித்துக்கொண்டே என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

இதை வாசிக்கிற எல்லாருக்கும் நான் செய்தது தெரிந்துவிடும். தெரிய வேண்டிய ஒருத்தனுக்கு மட்டும் சொல்ல எனக்கு வழியே இல்லை.